இழை வலுவூட்டிய செரமிக் கூட்டுப்பொருட்கள்: உற்பத்தி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் உயர்தரம் படிக்கும் மாணவர்களிடமிருந்தும், கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள பொறியியல் பீடத்துக்குப் புதிதாகப் போனவர்களிடமிருந்தும், கடைசல் பட்டறை நடத்தும் சிலரிடமிருந்தும் செரமிக்குக்குள் மெல்லிய இழைகளை வைத்து ஆக்கும் கூட்டுப்பொருட்கள் பற்றி ஒரே வகையான ஐயங்கள் திரும்பத் திரும்ப வருவதால் அவற்றை ஓரிடத்தில் தொகுத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் சொற்களிலேயே விட்டிருக்கிறேன். ஒரு பதிலில் சொன்னதை இன்னொன்றில் திருப்பிச் சொல்லாமல் அதன் எண்ணை மட்டும் குறித்திருப்பதால், முதல் மூன்று பதில்களையாவது வரிசைப்படி வாசிப்பது நல்லது.

1. செரமிக் என்றால் தேநீர்க் கோப்பையும் ரைல்சும் தானே? விழுந்தால் உடைகிற பொருளில் விமான எஞ்சின் பாகம் எப்படிச் செய்கிறார்கள்?

கோப்பையும் ரைல்சும் களிமண் வழிவந்த செரமிக்குகள். பொறியியலில் பயன்படுபவை பெரும்பாலும் அலுமினா, சிலிக்கன் காபைட்டு, சிலிக்கன் நைத்திரைட்டு, சேர்க்கோனியா போன்ற சேர்வைகள். இவற்றின் அணுக்களுக்கிடையிலான அயன் பிணைப்பும் பங்கீட்டுவலுப் பிணைப்பும் மிக வலியவை என்பதால் இவை கடினமாகவும், உலோகங்கள் இளகிவிடும் வெப்பநிலையிலும் விறைப்புக் குறையாமலும் இருக்கின்றன. அதே பிணைப்புத்தான் இவற்றின் குறைக்கும் காரணம். உலோகத்தில் தகைப்பு ஏறும்போது அணுப்படைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குவதால் வெடிப்பின் நுனி மழுங்கிவிடுகிறது. செரமிக்கில் அந்த வழுக்கலுக்கு இடமில்லாததால் நுனி கூராகவே இருந்து ஒரே ஓட்டத்தில் மறுபக்கம் போய்விடுகிறது.

அலுமினாவின் முறிவு வன்மை (வெடிப்பு பரவுவதை எதிர்க்கும் திறன்) 3 முதல் 5 மெகாபாஸ்கல் வர்க்கமூல மீற்றர் அளவில் நிற்க, சாதாரண உருக்குகளில் அது 50ஐத் தாண்டும். இதைவிடப் பொறியியலாளரை அச்சுறுத்துவது வேறொன்று: செரமிக்கின் வலுவை அதிலுள்ள மிகப் பெரிய நுண்குறையே தீர்மானிப்பதால், ஒரே உலையில் ஒரே நாளில் சுட்ட இரண்டு துண்டுகள்கூட வெவ்வேறு சுமையில் உடையும். வலு குறைந்த பொருளை வைத்து வடிவமைக்கலாம். எப்போது உடையும் என்று சொல்ல முடியாத பொருளை வைத்து வடிவமைப்பது கடினம். இழை சேர்ப்பதன் முதல் நோக்கம் இந்த நிச்சயமின்மையை ஒழிப்பதுதான்.

2. இழை போடுவது கொங்கிறீற்றுக்குள் கம்பி போடுவது மாதிரித்தானே? இழை இறுக்கமாகப் பிடிக்கப் பிடிக்க வலு கூடும் என்று நினைக்கிறேன்.

பாதிதான் சரி. கொங்கிறீற்றுக் கம்பியின்மேல் வரிகள் வார்ப்பது அது வழுக்காமல் இறுகப் பிடிக்க வேண்டும் என்பதற்காக. செரமிக் கூட்டுப்பொருளில் இழை அப்படிப் பிடித்தால் காரியம் கெட்டுவிடும். சுற்றியுள்ள செரமிக்கில் (இனி இதைத் தாய்ப்பொருள் என்கிறேன்) ஓடிவரும் வெடிப்பு இழையை அடையும்போது இரண்டும் இறுக ஒட்டியிருந்தால், இழையும் ஒரு செரமிக்கே என்பதால், வெடிப்பு நிற்காமல் அதையும் அறுத்துக்கொண்டு போகும். இழை போட்ட செலவு மட்டுமே மிஞ்சும், பொருள் பழையபடி கோப்பைதான்.

பிடிப்பு அளவோடு தளர்வாக இருந்தால் வெடிப்பு இழையின் பரப்பை ஒட்டித் திரும்பிவிடுகிறது. இழை அறாமல் வெடிப்பின் இரு கரைகளையும் பிடித்துக்கொண்டு நிற்கிறது. சுமை இன்னும் ஏறினால் வேறிடத்தில் இன்னொரு வெடிப்பு, பிறகு இன்னொன்று என்று பரவுமேயொழிய ஒரே வெடிப்பு பாகத்தை இரண்டாக்காது. கடைசியில் இழைகள் அறும்போதும் அவை தாய்ப்பொருளுக்குள் இருந்து உராய்ந்து உராய்ந்து வெளியே இழுபடுவதால் பெருமளவு சக்தி செலவாகிறது. தனிச் செரமிக் ஏறத்தாழ 0.1 சதவீத விகாரத்தில் (நீள மாற்றத்தில்) உடைய, நல்ல கூட்டுப்பொருள் 0.5 முதல் 1 சதவீதம்வரை தாங்குவதற்கு இதுவே காரணம். விடவேண்டிய நேரத்தில் விடத் தெரிந்த இழைதான் இங்கே வலு. உற்பத்தியின் எல்லாப் படிகளையும் இந்தக் கண்ணோடு பார்த்தால் மற்ற விடைகள் தாமாகப் புரியும்.

3. அந்தத் தளர்வை எப்படி உண்டாக்குகிறார்கள்? எண்ணெய் பூசுவதா?

எண்ணெய் உலையில் நிற்காது. இழையின்மேல் காபனையோ போரன் நைத்திரைட்டையோ வாயு நிலையிலிருந்து மெல்லிய படையாகப் படியச் செய்கிறார்கள். இதை இடைப்படை என்போம். இழையின் விட்டம் பெரும்பாலும் 10 முதல் 15 மைக்கிரோமீற்றர். இடைப்படையின் தடிப்பு 0.1 முதல் 1 மைக்கிரோமீற்றர். இரண்டு பொருட்களும் காரீயத்தை (பென்சிலுக்குள் இருக்கும் கிராபைட்டை) போல அடுக்கடுக்கான பளிங்கமைப்பு உடையவை என்பதால் வெடிப்பு அந்த அடுக்குகளின் வழியே எளிதில் திரும்பிவிடும்.

இது ஒழுங்காக அமைந்ததா என்பதை முறிந்த பரப்பை இலத்திரன் நுணுக்குக்காட்டியில் பார்த்தே சொல்லிவிடலாம். நல்ல துண்டின் முறிவுப் பரப்பில் இழைகள் வெவ்வேறு நீளத்தில் துருத்திக்கொண்டு நிற்கும். இழை இழுபட்டுப்போன இடங்களில் வட்டத் துளைகள் தெரியும். துளையின் உட்சுவரில் இடைப்படையின் கிழிந்த தோல் ஒட்டியிருக்கும். கெட்ட துண்டில் இழையும் தாய்ப்பொருளும் ஒரே மட்டத்தில் வெட்டுப்பட்டு, கண்ணாடி உடைந்ததுபோல மழமழவென்று இருக்கும்.

4. எந்த இழையும் போடலாமா? படகுக்குப் போடும் கண்ணாடி இழை மலிவாகக் கிடைக்கிறதே.

படகுக்குப் போடும் கண்ணாடி இழை 850 பாகை செல்சியஸ் அளவில் இளகிவிடும். அதற்கு வெகு முன்பே வலுவில் பெரும்பகுதியை இழந்துவிடும். செரமிக்கை உருவாக்கும் வெப்பநிலையே அதைவிடக் கூடியது என்பதால் அது ஆட்டத்திலேயே இல்லை. மிஞ்சுபவை மூன்று: காபன் இழை, சிலிக்கன் காபைட்டு இழை, அலுமினா சார்ந்த ஒட்சைட்டு இழை. காபன் இழை காற்றில்லாத இடத்தில் 2,000 பாகையிலும் வலுவோடு நிற்கும். காற்றுப் பட்டால் 400–500 பாகையிலேயே எரியத் தொடங்கும். ஒட்சைட்டு இழை காற்றுக்கு அஞ்சாது. ஆனால் 1,000–1,200 பாகையில் சுமையின்கீழ் மெல்ல நீளத் தொடங்கும். இரண்டுக்கும் நடுவே நிற்பது சிலிக்கன் காபைட்டு.

சிலிக்கன் காபைட்டை உருக்கி நூலாக இழுக்க முடியாது. 1975இல் யப்பானின் தொஹோக்கு பல்கலைக்கழகத்தில் செய்ஷி யஜிமா காட்டிய வழி வேறு: சிலிக்கனும் காபனும் மாறிமாறி வரும் பொலிகாபோசிலேன் என்ற பல்பகுதியத்தை (பொலிமரை) உருக்கி நூலாக இழுத்து, அந்த நூல் மீண்டும் உருகாதபடி பதப்படுத்தி, பின் ஒட்சிசன் இல்லாத உலையில் சூடாக்கிச் செரமிக் ஆக்குவது. அப்படி வந்த நிக்கலோன் இழையைக் காற்றில் பதப்படுத்தியதால் அதற்குள் ஒட்சிசன் தங்கிவிட்டது. 1,200 பாகைக்குமேல் அந்த ஒட்சிசன் காபனோரொட்சைட்டாக வெளியேறும்போது இழை உள்ளிருந்தே பழுதாகியது. பிறகு இலத்திரன் கற்றையால் பதப்படுத்தி ஒட்சிசனை ஏறத்தாழ 0.5 சதவீதத்துக்குக் குறைத்தார்கள். இன்றைய எஞ்சின்களில் இருப்பது அந்த வழிவந்த இழைகள்தான்.

5. பனந்தும்பு, தென்னந்தும்பு போட்டால்?

இரண்டும் 300 பாகையை அண்டும்போதே கருகிவிடும். இழையாக அவற்றுக்கு இங்கே வேலை இல்லை. ஆனால் ஒரு பக்கவழி உண்டு: மரத்தைக் காற்றில்லாமல் சூடாக்கிக் காபனாக்கி, அதன் நுண்குழாய்களுக்குள் உருகிய சிலிக்கனை உறிஞ்சவிட்டு, மரத்தின் அமைப்பையே சிலிக்கன் காபைட்டாக மாற்றும் ஆய்வுகள் பல நாடுகளில் நடந்திருக்கின்றன. வருவது இழை வலுவூட்டிய பொருளல்ல, நுண்துளைச் செரமிக். பனைவைரத்தை வைத்து யாராவது முயன்றால் நானும் பார்க்க ஆசைப்படுவேன்.

6. நம் கடற்கரையில் அச்சில் இழைத்துணியை விரித்து றெசின் பூசிப் படகு வார்க்கிறார்கள். அதேபோல இதையும் வார்க்க முடியாதா?

முதல் பாதி ஏறக்குறைய அதுவே. இழைத்துணியை அடுக்கியோ, முப்பரிமாணமாக நெய்தோ, பாகத்தின் வடிவத்தில் ஒரு முன்வடிவத்தை ஆக்குகிறார்கள். அந்த முன்வடிவத்தில் கனவளவில் 35 முதல் 40 சதவீதம் இழை இருக்கும், மிச்சம் வெற்றிடம்.

வித்தியாசம் அந்த வெற்றிடத்தை நிரப்புவதில் தொடங்குகிறது. றெசின் திரவமாக வந்து அறை வெப்பநிலையில் இறுகும். சிலிக்கன் காபைட்டோ சாதாரண அமுக்கத்தில் உருகுவதே இல்லை. 2,500 பாகைக்கு மேல் போய்ச் சிதையும். தூளாகத் திணித்துச் சுட்டிறுக்கலாம் என்றால், தூள் சுருங்கும், இழை சுருங்காது. ஆகவே தாய்ப்பொருள் கிழியும். தனிச் சிலிக்கன் காபைட்டைச் சுட்டிறுக்க 2,000 பாகை அளவு வேண்டும். அதில் பெரும்பாலான இழைகள் தப்பாது. எனவே தாய்ப்பொருளை வெளியே செய்து உள்ளே ஊற்ற முடியாது. இழைகளுக்கு இடையிலேயே அது பிறக்க வேண்டும். வாயுவிலிருந்து, பல்பகுதியத்திலிருந்து, உருகிய சிலிக்கனிலிருந்து, நுண்தூள் கூழிலிருந்து என நான்கு வழிகள் நடைமுறையில் உள்ளன.

7. வாயுவிலிருந்து திண்மம் எப்படி வரும்? அதற்கு ஏன் மாதக்கணக்கு?

மெதைல் முக்குளோரோசிலேன் என்ற ஆவியை ஐதரசனோடு கலந்து, 900 முதல் 1,100 பாகை வெப்பமும் வளிமண்டலத்தைவிட மிகக் குறைந்த அமுக்கமும் உள்ள உலைக்குள் செலுத்துகிறார்கள். மூலக்கூறு சிதைந்து சிலிக்கன் காபைட்டு இழைகளின்மேல் படிகிறது. ஐதரசன் குளோரைட்டு வெளியேறுகிறது. ஒரு மூல் சிலிக்கன் காபைட்டுக்கு மூன்று மூல் ஐதரசன் குளோரைட்டு என்று சமன்பாட்டை எழுதிப் பார்த்தால், ஒரு கிலோகிராம் பொருளுக்கு ஏறத்தாழ 2.7 கிலோகிராம் அமில வாயு வரும் என்பது தெரியும். உலையைவிட அந்த வாயுவைக் கழுவி நடுநிலையாக்கும் பகுதிதான் தொழிற்சாலையில் அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும் என்று நான் மாணவரிடம் சொல்வது பாதி நகைச்சுவைதான்.

காலம் பிடிப்பதற்குக் காரணம் இதுதான்: வெப்பநிலையைக் கூட்டினால் தாக்கம் வேகமாகும், ஆனால் வாயு உள்ளே ஊடுருவுமுன் வெளிப்பரப்பிலேயே படிந்து வாய்களை அடைத்துவிடும். ஆகவே வேண்டுமென்றே மெதுவாக நடத்துகிறார்கள். அப்படியிருந்தும் மேற்பரப்பு அடைபடும்; அப்போது பாகத்தை வெளியே எடுத்து மேல்தோலைச் சீவி, துளைகளைத் திறந்து, மீண்டும் உள்ளே வைக்கிறார்கள். வாரங்கள், சில வேளை மாதங்கள் கழிந்த பிறகும் 10 முதல் 15 சதவீதம் நுண்துளை மிஞ்சும். இவ்வளவு குறையிருந்தும் இந்த முறையை விடாததற்குக் காரணம், இழையையும் இடைப்படையையும் இதைப்போல நோகாமல் நடத்தும் வழி வேறில்லை என்பதே.

8. பல்பகுதியத்தை ஊற்றிச் சுடுவது எளிதாகத் தெரிகிறதே. ஒரே வேலையை ஏன் ஏழெட்டுத் தடவை செய்கிறார்கள்?

கணக்கைப் போட்டால் விளங்கும். பொலிகாபோசிலேன் போன்ற பல்பகுதியத்தை முன்வடிவத்துக்குள் செலுத்தி, நைதரசனிலோ ஆகனிலோ 1,000 பாகைக்கு மேல் சூடாக்கும்போது, அதன் திணிவில் ஏறத்தாழ 70 சதவீதம் செரமிக்காக மிஞ்சுவதாகக் கொள்வோம். பல்பகுதியத்தின் அடர்த்தி கன சென்ரிமீற்றருக்கு 1.1 கிராம், வரும் செரமிக்கின் அடர்த்தி 2.6 கிராம். 0.7ஐ 1.1ஆல் பெருக்கி 2.6ஆல் வகுத்தால் 0.3. அதாவது ஊற்றிய கனவளவில் 30 சதவீதம்தான் நிரம்புகிறது.

முன்வடிவத்தில் 60 சதவீதம் வெற்றிடம் என்று தொடங்கினால், முதற் சுற்றுக்குப் பிறகு 42, பிறகு 29, 21, 14, 10, 7, ஏழாவது சுற்றில் 5 என்று இறங்கும். உண்மையில் கடைசிச் சுற்றுகளில் துளைகள் மூடுண்டுபோவதால் இவ்வளவு ஒழுங்காக இறங்காது. ஒவ்வொரு சுற்றுக்கும் செலுத்தல், பதப்படுத்தல், மெதுவாகச் சூடாக்கல், மெதுவாக ஆறவிடல் என்று நாட்கள் செல்லும். அவசரப்பட்டுச் சூடாக்கினால் வெளியேறும் வாயுக்கள் துணிப்படைகளைப் பிரித்துவிடும்; அப்படிப் பிரிந்த துண்டை மறுபடி ஒட்டவைக்க வழியில்லை. நைதரசன் நிரப்பிய சாதாரண உலையும் வெற்றிடப் பம்பியும் போதும் என்பதே இதன் கவர்ச்சி.

9. உருகிய சிலிக்கன் முறை சில மணித்தியாலத்தில் முடியுமென்றால், எல்லோரும் அதையே செய்யலாமே?

பலர் அதையே செய்கிறார்கள். இடைப்படை பூசிய இழைகளுக்கிடையில் காபனையும் சிலிக்கன் காபைட்டுத் தூளையும் முதலில் வைத்து, 1,414 பாகையில் உருகும் சிலிக்கனை அருகில் விட்டால், மயிர்த்துளைக் கவர்ச்சியால் அது தானாக உள்ளே ஏறி, காபனோடு சேர்ந்து சிலிக்கன் காபைட்டாகிறது. மிஞ்சும் நுண்துளை மிகக் குறைவு. பாகத்தின் பருமனும் ஏறக்குறைய மாறாது. காபன் காபைட்டாக மாறும்போது அதன் கனவளவு இரண்டு மடங்குக்கு மேலாகும். ஆகவே காபனைக் கூட்டிவைத்தால் வழி அடைபட்டு உட்பகுதி வெறுமையாகவே நிற்கும், குறைத்துவைத்தால் சிலிக்கன் எஞ்சும். சிலிக்கன் உறையும்போது ஏறத்தாழ 10 சதவீதம் விரிவதால், உலையிலிருந்து வரும் துண்டுகளின் மேற்பரப்பில் சிலிக்கன் குமிழிகள் வியர்வைத் துளிபோலப் பிதுங்கி நிற்பதைப் பார்க்கலாம்.

விலை இரண்டு வகையில் கொடுக்கவேண்டும். உருகிய சிலிக்கன் காபனைக் கண்டால் விடாது. இடைப்படையில் ஓர் ஓட்டை இருந்தாலும் அதன்வழி புகுந்து இழையைத் தின்னும். அதனால் போரன் நைத்திரைட்டின்மேல் இன்னொரு காப்புப்படையும் பூச வேண்டியிருக்கிறது. மற்றது, எஞ்சிய சிலிக்கன் உள்ளே இருப்பதால் அதன் உருகுநிலையை நெருங்கும் இடங்களில் பாகத்தைப் பயன்படுத்த முடியாது.

10. ஒட்சைட்டு வகையில் இடைப்படையே இல்லை என்று படித்தேன். உங்கள் 3ஆம் பதிலுக்கு இது முரணல்லவா?

நல்ல கேள்வி, வாசித்துக் கேட்டவர் கேட்ட கேள்வி. வெடிப்பைத் திருப்ப இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, வலிய தாய்ப்பொருளுக்கும் இழைக்கும் நடுவே பலவீனமான படையை வைப்பது. மற்றது, தாய்ப்பொருளையே பலவீனமாக்குவது. அலுமினா இழைத்துணியை அலுமினா நுண்தூள் கூழில் தோய்த்து அடுக்கி, வெற்றிடப் பையில் இறுக்கி உலர்த்தி, 1,100–1,200 பாகையில் காற்றிலேயே சுடுகிறார்கள். தூள் முழுதாக இறுகாமல் 30 சதவீதம் அல்லது அதற்குமேல் நுண்துளையோடு நின்றுவிடுகிறது. அத்தகைய தாய்ப்பொருளால் வெடிப்பின் கூர்மையை இழைவரை கொண்டுபோக முடியாது. அது வழியிலேயே உதிர்ந்து சிதறுகிறது.

இங்கே கூடுதலாகச் சுடுவதே பிழை. இன்னும் கொஞ்சம் சுட்டால் இன்னும் உறுதியாகும் என்று எண்ணி வெப்பநிலையை ஏற்றினால், தாய்ப்பொருள் இறுகி, இழையோடு ஒட்டி, பொருள் நொறுங்குவதாகிவிடும். எஞ்சினில் நெடுங்காலம் சூட்டில் இருந்தாலும் இதே இறுக்கம் மெல்ல மெல்ல நடக்கும் என்பதால் இவ்வகையின் உச்ச வெப்பநிலை கட்டுப்பட்டிருக்கிறது.

11. சுருக்கமாகச் சொல்லுங்கள், எந்த முறை சிறந்தது?

பாகத்தைச் சொல்லாமல் முறையைச் சொல்ல முடியாது. எண்ணிக்கை அதிகம், வடிவம் துல்லியம், வெப்பம் 1,300 பாகைக்குள் என்றால் சிலிக்கன் முறை. உயர் வெப்பமும் நெடுநேரச் சுமையும் என்றால் வாயு முறை. பெரிய, சிக்கலான வடிவம் ஒன்றிரண்டு என்றால் பல்பகுதியம். 1,000 பாகையை அண்டிய, காற்றுப் படும், செலவு கட்டுப்பட்ட இடத்துக்கு ஒட்சைட்டு. தொடங்குபவர் யாராயினும் ஒட்சைட்டில் தொடங்குவதே புத்தி என்பது என் கருத்து.

12. அம்பன், வல்லிபுரம் பக்கத்தில் சிலிக்கா மணல் கிடக்கிறது. தெற்கில் நல்ல காரீயம் இருக்கிறது. இரண்டையும் சேர்த்து நாங்களே செய்ய முடியாதா?

சிலிக்கன் காபைட்டுத் தூள் என்றால் கொள்கையளவில் முடியும். 1893இல் அமெரிக்காவில் எட்வேர்ட் அச்செசன் காப்புரிமை பெற்ற முறை இன்றும் அதுவே: சிலிக்கா மணலையும் கற்கரியையும் கலந்து, நடுவில் காரீயத் தண்டு வைத்து மின்னோட்டம் செலுத்தி, 2,000 பாகைக்கு மேல் நாட்கணக்கில் சூடாக்கினால், காபனோரொட்சைட்டு வெளியேறிச் சிலிக்கன் காபைட்டு மிஞ்சும். மின்சாரச் செலவு மிகப் பெரியது. வருவது அரத்தாளுக்கும் சாணைக்கல்லுக்கும் உதவும் தூள்.

கூட்டுப்பொருளின் உயிர் இழையில் இருக்கிறது. இழையோ 4ஆம் பதிலில் சொன்னபடி பல்பகுதியத்திலிருந்து வருகிறது, மணலிலிருந்தல்ல. காபன் இழையும் காரீயத்திலிருந்து வருவதில்லை; பொலிஅக்கிரிலோநைத்திரைல் நூலைப் படிப்படியாகச் சூடாக்கிப் பெறுவது. எங்கள் மண்ணில் மூலப்பொருள் இருப்பதால் தொழிலும் வந்துவிடும் என்று மேடையில் பேசுவோர் இந்த நடுப்படிகளைத் தாண்டிவிடுகிறார்கள்.

13. அப்படியானால் இங்கே ஓர் ஆய்வுகூடத்தில் செய்துபார்க்கக்கூடியது எது?

1,200 பாகைவரை போகும் மின்னுலையும் வெற்றிடப் பம்பியும் இருந்தால் 10ஆம் பதிலில் சொன்ன ஒட்சைட்டு முறையைச் சிறு தகடுகளாகச் செய்து பார்க்கலாம். அலுமினாத் துணியை வெளிநாட்டிலிருந்து எடுப்பிக்க வேண்டும், மற்றவை கிடைக்கும். துணியின்மேல் பூசிவரும் பசையை முதலில் 700 பாகை அளவில் எரித்து நீக்காவிட்டால் கூழ் இழைகளுக்குள் இறங்காது என்பதை மட்டும் மறக்கக்கூடாது.

உயர்தர மாணவர்கள் சூடே இல்லாமல் 2ஆம் பதிலைச் சோதிக்கலாம். பரிசுச் சாந்தில் (பிளாஸ்டர் ஒஃப் பாரிஸ்) மூன்று வகைச் சட்டங்கள் வார்க்கவும்: இழையில்லாதது, படகுப் பட்டறையில் கிடைக்கும் கண்ணாடி இழைக்கற்றை வைத்தது, அதே கற்றையை உருகிய மெழுகில் தோய்த்து வைத்தது. உலர்ந்தபின் இரு முனையையும் தாங்கி நடுவில் சுமையேற்றி, வளைவைச் சுமைக்கு எதிரே வரைந்து, முறிந்த முகத்தில் இழைகள் எவ்வளவு நீளத்துக்கு வெளியே நிற்கின்றன என்றும் அளந்தால், ஒரு பருவத்துக்குப் பேசப் போதுமான விடயம் கிடைக்கும்.

14. நுண்துளை எவ்வளவு என்று துண்டை வெட்டாமல் எப்படி அறிவது?

ஆக்கிமிடீசின் தத்துவம் போதும். உலர்ந்த துண்டை நிறுக்கவும். வெற்றிடத்தில் நீரை உறிஞ்சவிட்டு, நீருக்குள் தொங்கவிட்டு நிறுக்கவும். வெளியே எடுத்து ஈரத்துணியால் மேற்பரப்பை மட்டும் துடைத்து மறுபடி நிறுக்கவும். முறையே 50, 31, 52 கிராம் என்று வந்தால், துளைக்குள் புகுந்த நீர் 2 கிராம், துண்டின் கனவளவு 52இலிருந்து 31ஐக் கழிக்க 21 கன சென்ரிமீற்றர். ஆகவே திறந்த நுண்துளை 9.5 சதவீதம், அடர்த்தி 2.38. துணியை அழுத்தித் துடைத்தால் துளைக்குள் இருக்கும் நீரும் வந்துவிடும், விடை மாறிப்போகும்.

மூடுண்ட துளையும் படைப்பிரிவும் இதில் தெரியமாட்டா. அவற்றுக்கு எக்ஸ் கதிர்க் கணினி வெட்டுப்படமும், ஒரு பக்கம் வெப்பத் துடிப்புக் கொடுத்து அது பரவுவதை அகச்சிவப்புக் கமராவால் பார்க்கும் முறையும் பயன்படுகின்றன.

15. நொறுங்காது என்றால் வெடிப்பும் வராதா?

வரும். வரும்படியே வடிவமைக்கப்பட்டது. ஆனால் வடிவமைப்பாளர்கள் சாதாரண சுமையைத் தாய்ப்பொருள் முதன்முதலாக வெடிக்கும் தகைப்புக்குக் கீழேயே வைத்துக்கொள்கிறார்கள். சிலிக்கன் காபைட்டு வகைகளில் அது பெரும்பாலும் 150–200 மெகாபாஸ்கல். அதற்கு மேலுள்ள வலு காப்புறுதி போன்றது. தினமும் எடுத்துச் செலவழிப்பதற்கல்ல.

காரணம், வெடிப்பு வழியாக ஒட்சிசன் உள்ளே போய் இடைப்படையை எரிக்கும். வியப்பு என்னவென்றால், 1,200 பாகையைவிட 700–800 பாகை சில வேளை மோசமானது. உயர் வெப்பத்தில் சிலிக்கா விரைவாக உண்டாகி வெடிப்பின் வாயை அடைத்துவிடும். இடை வெப்பத்தில் அடைப்பு மெதுவாகவும் காபன் எரிவது வேகமாகவும் நடக்கும். இழை தாய்ப்பொருளோடு ஒட்டிக்கொள்ள, பொருள் 2ஆம் பதிலில் சொன்ன கோப்பையாகிவிடும். மோதலும் ஒரு பலவீனம்: 2003இல் கொலம்பியா விண்ணோடத்தின் இறக்கை விளிம்பிலிருந்த காபன்–காபன் தகட்டை, ஏவும்போது பெயர்ந்துவந்த நுரைத்துண்டு ஒன்று துளைத்ததே அதன் அழிவுக்குக் காரணமாயிற்று.

16. சிலிக்கன் காபைட்டின்மேல் சிலிக்காப் படை உண்டாகிக் காக்கும் என்று படித்தோம். பிறகு எஞ்சின் பாகங்களுக்கு ஏன் மேற்பூச்சு?

உலர்ந்த காற்றில் அது உண்மை. எஞ்சினில் எரிபொருள் எரியும்போது நீராவி உண்டாகிறது. உயர் வெப்பத்தில் நீராவி சிலிக்காவோடு தாக்கமடைந்து ஆவியாகும் ஐதரொட்சைட்டாக மாற்றுகிறது. வேகமாக ஓடும் வாயு அதை அடித்துச் செல்ல, புதிய சிலிக்கா உண்டாக, அதுவும் போக, பாகம் தேய்ந்துகொண்டே போகும். ஆகவே முதலில் சிலிக்கன் ஒட்டுப்படை, அதன்மேல் இற்றர்பியம் இருசிலிக்கேற்று போன்ற நீராவியைத் தாங்கும் படை என்று பூசுகிறார்கள். வெப்ப விரிவு சிலிக்கன் காபைட்டோடு ஒத்துவரும் பொருளாக இல்லாவிட்டால் ஒவ்வொரு தடவை எஞ்சின் ஆறும்போதும் பூச்சு உரிந்துவிடும்.

17. இதெல்லாம் ஆய்வோடு நிற்கிறதா, உண்மையில் எங்காவது ஓடுகிறதா?

ஓடுகிறது. 2016இல் சேவைக்கு வந்த லீப் எஞ்சினில் உயரழுத்தச் சுழலியின் (ரேர்பைனின்) சிறகலகுகளைச் சூழும் வளையத் துண்டுகள் சிலிக்கன் காபைட்டுக் கூட்டுப்பொருளாலானவை. கட்டுநாயக்காவில் இறங்கும், லீப் பூட்டிய ஏ320நியோ விமானங்களுக்குள்ளும் அவை இருக்கின்றன. அடர்த்தி நிக்கல் கலப்புலோகத்தின் மூன்றில் ஒன்று அளவே என்பதோடு, குளிர்விக்கத் திருப்பிவிடும் காற்றும் குறைகிறது. எரிபொருள் மிச்சமாவது அதனால்தான். பிரான்சின் ரஃபால் போர்விமான எஞ்சினின் வெளிமடல்கள் காபன் இழையும் சிலிக்கன் காபைட்டும் சேர்ந்தவை. போர்ஷே 2001 முதல் விற்ற செரமிக் பிறேக் தட்டுகள் சிலிக்கன் முறையில் ஆனவை. நிறை வார்ப்பிரும்புத் தட்டின் பாதியளவு.

18. விலை குறையுமா?

ஒட்சிசன் குறைந்த சிலிக்கன் காபைட்டு இழை கிலோவுக்கு ஆயிரக்கணக்கான அமெரிக்க டொலர். அதற்குமேல் 7ஆம், 8ஆம் பதில்களில் சொன்ன உலைக்காலம். அதற்கும்மேல் வைரக் கருவியால் மட்டுமே முடியும் இறுதிச் சீவல். உலைக்காலத்தைக் குறைக்கலாம், இழைவிலை இறங்காமல் மொத்த விலை அதிகம் இறங்காது.

19. வெட்டும்போது வரும் தூசி அஸ்பெஸ்தஸ் மாதிரி ஆபத்தா?

நுரையீரலின் ஆழத்துக்குப் போகும் இழைகள் 3 மைக்கிரோமீற்றருக்கும் மெல்லியவை. 10 மைக்கிரோமீற்றருக்கு மேற்பட்ட நெய்த இழை அவ்வளவு ஆழம் போகாது. குறுக்கே முறியுமேயொழிய அஸ்பெஸ்தஸ் போல நெடுக்கே பிளந்து மெலிவதில்லை. ஆனால் சிலிக்கன் காபைட்டு நுண்மயிர்கள் என்ற வேறு பொருள் உண்டு. அதைச் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் மனிதருக்குப் பெரும்பாலும் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்ற 2ஏ பிரிவில் வைத்திருக்கிறது. பெயர் ஒன்றுபோலிருப்பதால் வாங்கும்போது குழம்பக்கூடாது. எதுவாயினும் நீர் ஊற்றி வெட்டுவதும், பொருத்தமான முகக்கவசமும், தூசியைக் கூட்டாமல் உறிஞ்சி எடுப்பதும் கட்டாயம். காபன் இழைத் தூசி மின்னைக் கடத்தும் என்பதால் பக்கத்திலுள்ள கணினியையும் மின்பலகையையும் மூடிவைக்கவேண்டும்.

20. ஒரு பாகம் பழுதானால் ஒட்டித் திருத்தலாமா?

எது பழுதானது என்பதைப் பொறுத்தது. மேற்பூச்சு உரிந்திருந்தால் சுரண்டி மறுபடி பூசலாம். தாய்ப்பொருளில் சிறு இழப்பு என்றால் பல்பகுதியமும் தூளும் கலந்து அடைத்துச் சுடலாம். ஒட்சைட்டு வகையில் கூழால் ஒட்டுப்போடுவதும் உண்டு. இழைகள் அறுந்திருந்தால் ஒட்டுப்பொருள் எவ்வளவு நல்லதாயினும் அந்த இடத்தில் சுமையைக் கடத்த எதுவும் இல்லை. 2ஆம் பதிலில் சொன்ன பாலம் போய்விட்டது. சுமை தாங்கும் பாகமாயின் அதைக் கழற்றிப் புதியதைப் பூட்டுவதே வழக்கம். சுழலி வளையத்தை ஒரே வளையமாகச் செய்யாமல் துண்டு துண்டாகச் செய்வதற்கு அதுவும் ஒரு காரணம்.